ஓடைக்கரை மண்ணும் நோலா கோதுமையும்

பணி ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகியும், காலை பத்து மணியானால் மெர்ல் ட்ரெகென்ஸாவின் மனசு கோதுமை ஆராய்ச்சி நிலையத்துத் தேநீர் அறைக்கு ஓடிவிடும். அவள் அங்கே புள்ளியியலாளர். எதிரே டெஸ் ஃபிட்ஸ்னர் உட்கார்ந்திருப்பான், புதுக் கோதுமை ரகங்களை உருவாக்குகிறவன். பெரிய லாமிங்டன் கேக்கைத் தான் எடுத்துக்கொண்டு சின்னதை இவள் பக்கம் தள்ளுவான், கேடி. எவ்வளவு நல்ல நாட்கள்!

டெஸ் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டு ஒரு ரகம் கொண்டுவந்தான். இறந்துபோன மனைவி நோலாவின் பெயரில் அதை வெளியிட ஆசை. சோதனை வயல்களில் அதுதான் முதலிடம். மெர்ல் கலப்பு விளைவு மாதிரியில் கணக்குப் போட்டாள். விளைச்சலில் ரகத்தின் பங்கு எவ்வளவு, இடத்துக்கு இடம் மாறும் மண்ணின் அதிர்ஷ்டம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் முறை அது. பிரித்ததும் நோலா நடுவுக்கு இறங்கிவிட்டது. ஓடைக்கரையில் எல்லா ரகமும் கொழித்தது. டெஸ் தன்னையறியாமல் நோலாவைத்தான் அங்கே அதிகம் விதைத்திருந்தான்.

"என் கோதுமைய உன் கணக்கு அரைச்சுத் தின்னுடுச்சே, மெர்ல்!"

"ஓடைக்கரையில என் செருப்ப நட்டாக்கூட முளைக்கும்ப்பா."

டெஸ் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து தேநீரை வண்டியிலேயே குடித்தான். மெர்லுக்கு அது தாங்கவே முடியவில்லை.

இன்னும் ஒரு பருவம் பார்ப்போம், தேறாவிட்டால் கைவிடுவோம் என்றது எந்த ரகத்தை வெளியிடுவது என்று முடிவு செய்யும் தேர்வுக் குழு. விதைப்புக்கு முன் டெஸ் அவள் அறை வாசலில் வந்து நின்றான்.

"எந்தப் பாத்தியில எதுன்னு இந்தத் தடவ நீயே குலுக்கிப் போடு. நான் போட்டா கை தானா ஓடைப் பக்கம் போகுது."

குலுக்கினாள். நோலாவுக்கு விழுந்ததெல்லாம் மேட்டுக் கல்லாங்காடு. மண்ணின் குறையைக் கணக்கு ஈடுகட்டும் என்று அவளுக்குத் தெரியும், ஆனால் மனசு கேட்கவில்லை. அதுவரை யாரிடமும் கேட்காததைக் கேட்டுவிட்டாள்.

"இன்னொரு தரம் குலுக்கட்டுமா, டெஸ்?"

"வேணாம். நோலா யார்கிட்டயும் சலுகை கேட்டதில்ல. விழுந்த இடத்துலயே விளையட்டும்."

அறுவடை முடிந்தது. கணக்கில் நோலா மறுபடியும் நடுவில்தான் நின்றது. குழுவின் முன் முடிவைப் படிக்க எழுந்த மெர்ல், நோலாவின் பெயர் வந்த வரியிலேயே நின்றுவிட்டாள். டெஸ் எழுந்து வந்து காகிதத்தை அவள் கையிலிருந்து வாங்கி, ஒரு எண்ணும் விடாமல் தானே உரக்கப் படித்தான்.