கங்கப்பன் பார்த்த இரண்டு வண்டிகள்

ஓசூர் பாகலூர் ரோட்டில் கங்கப்பனின் ஒர்க்‌ஷாப்புக்குப் பெயர்ப் பலகை கிடையாது. தேவைப்படவில்லை. பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதலில் அவரிடம்தான் கொண்டுவந்து காட்டுவார்கள். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, எடுக்கலாம் என்பார், அல்லது வேண்டாம் என்பார். இருபது வருஷமாக அதில் பொய் கலந்ததில்லை. அந்தத் தலைக்கனம் அவருக்கு உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், சிலருக்கு ஒன்றுமே இல்லாமல் வருகிறது.

2008 ஆடி மாதம் சௌந்தரராஜன் குடும்பத்தோடு வந்தார். சிவகங்கைக்காரர், சிப்காட் கம்பெனியில் சூப்பர்வைசர். மனைவி சரிதாவையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போய்வர ஒரு ஜீப் வேண்டும். இரண்டு பார்த்து ஒர்க்‌ஷாப்புக்கே வரவழைத்திருந்தார், இரண்டும் ஒரே ரகம். பழையது 2001 மாடல், பக்கத்துப் பேரிகை ஊர் விவசாயி ஒருவருடையது. தக்காளிக் கூடை ஏற்றி ஏற்றி சீட்டெல்லாம் கறை, ஏசி இல்லை, ஸ்டியரிங்கைத் திருப்பத் தோளில் வலு வேண்டும். புதியது 2006. வெள்ளை நிறம், பவர் ஸ்டியரிங், ஏசி, சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. பிள்ளைகள் அதில் ஏறியவர்கள் இறங்கவே மாட்டேன் என்றார்கள்.

புதியதை விற்றுக்கொடுக்க வந்த புரோக்கர் நாராயணப்பன், கங்கப்பன் மனைவியின் தம்பி. கங்கப்பன் மகளுக்குப் போன தையில் மாப்பிள்ளை பார்த்து முடித்துவைத்தவனும் அவன்தான். சிக்கல் அங்கேதான்.

பழையதின் அடியில் துரு இருந்தது, வேறு குறை இல்லை. புதியதின் அடியில் வண்டியையே தாங்குகிற சேசிஸ் ஒடிந்து, வெல்டிங் வைத்து, மேலே பெயிண்ட் அடித்திருந்தது. கங்கப்பன் வெளியே வந்து, இது என்னடா என்று மச்சானைத் தெலுங்கில் கேட்டார். அவனும் சிரிப்பு மாறாமல் தெலுங்கிலேயே சொன்னான்: சானமாவு காட்டு ரோட்டில் யானைக்கு ஒதுங்கப் போய் உருண்ட வண்டி, நாலு மாசமாக விற்கவில்லை, இந்த ஒரு தடவை விட்டுவிடு. வேகமாகப் போனால் இந்த வெல்டிங் தாங்காதே என்றார் கங்கப்பன், அதுவும் தெலுங்கில். தெற்கத்திக்காரர்களுக்கு என்ன புரியப்போகிறது? எங்கள் ஊர்ப் பழக்கமே அதுதான். எதிரில் இருப்பவன் தமிழன் என்றால் தெலுங்குக்கு மாறுவோம், தெலுங்கன் என்றால் கன்னடத்துக்கு.

பிறகு சௌந்தரராஜன் பக்கம் திரும்பினார்.

"புதுசையே எடுங்க சார். கண்ண மூடிக்கினு ஊருக்குப் போய் வரலாம்."

சௌந்தரராஜன் முகம் மலர்ந்தது. சரிதா போய்ப் பிள்ளைகளைக் கையைப் பிடித்து வண்டியிலிருந்து இறக்கினாள். ஆறு வருஷமாக ஒரு சுவிட்ச் கம்பெனியில் தெலுங்கு பேசும் பேரிகைப் பெண்களோடு ஒரே லைனில் வேலை பார்க்கிறவள் அவள். இதை யாரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை. கங்கப்பனைப் பார்த்து, கோபமில்லாத குரலில் தெலுங்கில் சொன்னாள்.

"பாத பண்டே சாலன்னா."

பழைய வண்டியே போதும் அண்ணா. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பார். அவள் அண்ணா என்றுவிட்டாள். கங்கப்பனுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தப் பிள்ளைகளின் பக்கம் பார்க்கவே முடியவில்லை. நாராயணப்பன் வராத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் போய்விட்டான்.

சரிதா கணவரைத் தள்ளி அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். அதற்குள் கங்கப்பன் பழைய வண்டிக்கு அடியில் மறுபடி படுத்திருந்தார். யாரும் படுக்கச் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்து, தைரியமாக எடுக்கலாம் என்றார். அது சத்தியமான வார்த்தை.

சௌந்தரராஜன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. இன்னொரு மெக்கானிக்கிட்டயும் காட்டிட்டு எடுத்துக்கிறோம்."

"காட்டுங்க சார்" என்றார் கங்கப்பன். மெக்கானிக் திம்மராயன் கைராசிக்காரர், பொய் சொல்ல மாட்டார் என்று சொல்லி, அவர் கடைக்கு வழியையும் அவரே சொல்லி அனுப்பினார்.