ஈஜோக் கூகைப் பெட்டி

ஈஜோக் ஊரில், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தோரம் காரை நிறுத்தச் சொல்கிறாள் என் மகள் யாழினி. பன்னிரண்டு வயது. இரண்டு மாதமாகப் பறவைப் பைத்தியம்; தூங்கும்போதும் தலைமாட்டில் பைனாகுலர் இருக்கும். எலி பிடிக்கத் தோட்டங்களில் கூகை வளர்ப்பதாகப் படித்திருக்கிறாள். உயரத் தூணில் அதற்கான மரப்பெட்டி தெரிகிறது.

ஓடிப்போனவள் தூணடியில் நின்றுவிடுகிறாள். இதய வடிவ வெள்ளை முகத்தோடு ஒரு கூகை செத்துக் கிடக்கிறது. அவள் பார்க்கும் முதல் கூகை.

தோட்டத்தில் பனங்குலை வெட்டுகிறவர் ஒருவர் அருகில் வருகிறார். "எலிக்கு மருந்து வச்சாங்க லா. மருந்து தின்ன எலிய இது தின்னுருச்சு."

பெட்டிக்குள் ஏதோ சீறுகிறது.

"அங்கிள், உள்ள குஞ்சு இருக்கா?"

"இருக்கும்மா. இதோட ஜோடி உயிரோடதான் இருக்கு. பொழுது சாஞ்சா எரை கொண்டாரும்."

"அதே எலியவா?"

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிகிறார். "மருந்து மேல உள்ளவங்க வைக்கிறது. என் பேச்ச யாரும்மா கேப்பா?"

நான் அவள் தோளைத் தொடுகிறேன். "போலாமா?"

"அது வர்ற வரைக்கும் இருக்கலாம்ப்பா."

"வந்தா என்னம்மா செய்வே?"

"தெரியலப்பா," என்றவள் அழத் தொடங்குகிறாள்.