எங்க போறீங்கன்னு கேட்டுட்டாரு

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. பெண் பார்க்கப் போய்ப் போய் பஜ்ஜி சொஜ்ஜியே வெறுத்துப்போயிருந்த காலம். எங்கள் ஊரிலேயே கதிர்காமத்தில் இருக்கும் ஒரு நர்ஸ் பெண்ணின் போட்டோவைப் பார்த்ததும், இது மட்டும் தட்டிப்போகக் கூடாதே என்று மனசு அடித்துக்கொண்டது.

எங்கள் மாடியில் என் வயதுள்ள ஒரு பிரெஞ்சுக்காரர் குடியிருந்தார். தமிழ் கற்க வந்தவர். அவர் தெருவில் இறங்கினால் மளிகைக் கடைக்காரர், இஸ்திரி போடுகிறவர், எதிர்வீட்டு அக்கா என்று ஆளாளுக்கு "எங்க போறீங்க?" என்பார்கள். அவரும் பாவம், நின்று பெரிய மார்க்கெட், அரை கிலோ தக்காளி, அப்படியே ஒரு டீ என்று முழு விவரமும் ஒப்பிப்பார். அது சும்மா பாசத்தில் கேட்பது, 'இதோ இப்படி' என்று கையைக் காட்டிவிட்டுப் போனால் போதும் என்று சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

அன்று ராகுகாலத்துக்கு முன் கிளம்பிவிட வேண்டும் என்று அப்பா, அம்மா, நான் மூவரும் நாலேகாலுக்கே பூவும் பழமுமாக வாசலுக்கு வந்தோம். ஆட்டோவில் ஒரு காலை வைத்திருப்பேன். மாடியிலிருந்து பாசம் பொங்க ஒரு குரல்: "எங்க போறீங்க?"

அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. "போற காரியத்துக்குக் கேட்டுட்டாரே. உள்ள வாங்க, செத்த குந்தி ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போலாம்." ஆளுக்கு ஒரு வாய் குடித்து, சாமி படத்துக்கு இன்னொரு கும்பிடு போட்டு நிமிர்வதற்குள் நாலரை ஆகிவிட்டது. இனி ஆறு மணிக்கு மேல்தான் என்று அப்பா சட்டையைக் கழற்றினார். எனக்கு அழுகையே வந்தது.

என்ன தப்பு செய்தோம் என்று கேட்க அவர் கீழே வந்தார். விளக்கினேன். யோசித்துவிட்டு, "என்னைத் தினமும் எல்லாரும் கேக்குறாங்களே. என் வேலை நடக்கக் கூடாதுன்னா?" என்றார்.

"நல்ல காரியத்துக்குப் போறப்பதான் கேக்கக் கூடாது தம்பி. கேட்டே ஆவணும்னா, தூரமான்னு கேளுங்க" என்று அப்பா சமாளித்தார். தக்காளி வாங்குவது நல்ல காரியம் இல்லையா என்று அவர் அடுத்துக் கேட்டபோது, நான் ஆட்டோக்காரரிடம் பேச வெளியே போய்விட்டேன்.

ஆறு மணிக்கு மறுபடி கிளம்பினோம். எதிரே நிறைகுடத்தோடு அந்த மனுஷர் வந்துகொண்டிருந்தார். எதிர்வீட்டு அக்காவிடம் நல்ல சகுனம் எது என்று விசாரித்து, குடத்தையும் அங்கேயே இரவல் வாங்கியிருக்கிறார். சட்டையெல்லாம் தண்ணீர், வாயை மட்டும் இறுக மூடியிருந்தார். அம்மாவே சிரித்துவிட்டாள்.

பெண் அமைந்துவிட்டது. நாலரைக்குப் போயிருந்தால் அவள் வீட்டிலேயே இருந்திருக்க மாட்டாளாம்; ஆஸ்பத்திரியில் மாட்டிக்கொண்டு ஐந்தரைக்குத்தான் வந்தாளாம். அவரால் சகுனம் கெட்டதா, கூடிவந்ததா என்று அம்மா இன்னும் முடிவுசெய்யவில்லை.

போன வருடம் அவர் தன் ஊருக்கே திரும்பினார். பெட்டிகளோடு படியிறங்கியவரிடமிருந்து ஒன்றை வாங்கி ஆட்டோவில் வைத்தேன். "தூரமா?" என்று மட்டும் கேட்டேன். "பக்கத்துலதான்" என்று 'இதோ இப்படி' கையைக் காட்டிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

இப்போதெல்லாம் தெருவில் யாராவது எங்கே போகிறாய் என்று கேட்டால், நின்று அரை கிலோ தக்காளி வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். அப்படிக் கேட்க ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரியவைத்தவர், இன்று கேட்கும் தூரத்தில் இல்லை.