எந்த பில்டர் நல்லா ஓடுது?

தொண்ணூறுகளின் நடுவில், மீன்தொட்டிக்கு வெளிநாட்டு பில்டர் மாட்டிய வீடு அருப்புக்கோட்டையிலேயே எங்கள் வீடு ஒன்றாகத்தான் இருந்திருக்கும். கணவருக்குக் குவைத்தில் வேலை. கல்யாணமான கையோடு மதுரையில் கண்ணாடித் தொட்டியும் தங்கமீன்களும் வாங்கி, குவைத்திலிருந்து கொண்டுவந்த பில்டரையும் மாட்டிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார். மீனுக்கும் எனக்கும் மாமியார் காவல்.

பில்டர் என்றால் இறுக்கமாக மூடி போட்ட ஒரு டப்பா. தொட்டிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு ஒரு ஓஸ் குழாயில் அழுக்குத் தண்ணீரை இழுக்கும். பஞ்சு, பீங்கான் வளையம் எல்லாவற்றுக்குள்ளும் ஓடவிட்டு இன்னொரு ஓஸில் மேலே அனுப்பும். சத்தமே வராது. ஆனால் கரண்ட் போய் வந்தால் உள்ளே காற்று புகுந்துகொள்ளும், ஓஸில் வாய் வைத்து உறிஞ்சினால்தான் மறுபடி ஓடும். எங்கள் ஊரில் கரண்ட் போகாத நாள் ஏது? அந்த மீன்களின் மூத்திரத்தை நான் குடித்த அளவுக்கு வேறு யாரும் குடித்திருக்க மாட்டார்கள்.

வீட்டு போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர். தெருக்குழாயில் வரிசையில் நின்று பிடித்த நல்ல தண்ணீரில்தான் மீனுக்கும் பங்கு. "குடிக்கிறது கூழு, கொப்பளிக்கிறது பன்னீரு" என்பார் மாமியார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவர் சொன்னது நியாயம் என்பதால் இன்னும் கூடுதலாக வரும்.

கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடித்தபோது வீட்டில் ஒரு சாமான் பாக்கியில்லாமல் கழுவினோம். பில்டரையும் பிரித்து, சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, பீங்கான் வளையங்களைக் குண்டான்களோடு வெயிலில் காயவைத்தேன். பண்டிகை முடிந்த இரண்டாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. இரண்டு செத்தன. தண்ணீரைச் சுத்தம் செய்கிற நுண்ணுயிர் அந்த வழுவழுப்பில்தான் இருக்கிறதாம், தொட்டித் தண்ணீரிலேயே லேசாக அலசி எடுக்க வேண்டுமாம். கணவர் போனில் சொன்னார். தேய்த்துக் கழுவக் கூடாத சாமான் ஒன்று உலகத்தில் உண்டு என்று அதுவரை எனக்கு யார் சொன்னார்கள்?

பிப்ரவரியில், குவைத்திலிருந்து லீவில் வந்த காரியாபட்டிக்காரர் ஒருவர் கையில் புது பில்டர் வந்தது. இதில் உறிஞ்ச வேண்டியதில்லை, மேலே உள்ள குமிழை நாலு அமுக்கு அமுக்கினால் தண்ணீர் தானாக இறங்கும். ஆனால் வண்டு மாதிரி ஒரு இரைச்சல். நான் படுகிற பாட்டைப் பார்த்து கணவர் மனசு இளகி அனுப்பியிருக்கிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் எஸ்.டி.டி. பூத்தில் போய் நிற்பேன். அவர் அங்கே கூப்பிடுவார். பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார். எதில் தண்ணீர் வேகம், எதில் தெளிவு, எது ஒழுகுது என்று கேட்டுக்கொண்டே இருப்பார். எனக்கோ கேட்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஜூனில் அவருக்கு ஒப்பந்தம் முடிகிறது, வந்துவிடுவாரா மாட்டாரா? அவராகச் சொல்வார் என்று வாரா வாரம் காத்திருந்தேன். வீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருப்பேன், எழுந்தால் வாசலுக்குப் போவேன், திரும்பி வந்து ஓஸைத் தொட்டுப் பார்ப்பேன். பந்தல்குடிப் பக்கம் போகிற லாரி ஹாரன் அடித்தால்கூட அழுகை வந்தது.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முடிவாக எந்த பில்டர் நல்லா ஓடுது என்று கேட்டார். புதுசு என்றேன். அவர் அடுத்ததைக் கேட்பதற்குள் முந்திக்கொண்டேன்.

"அத விடுங்க. இங்க தனியா எனக்கு இருக்க முடியல. எப்ப வாரீக?"



"இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்ல," என்றார். "அதான் நல்லா உழைக்கிறதாப் பாத்து அனுப்புனேன்."

அந்த பில்டர் வந்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது.