பேச்சி சிவப்பு அடித்த பம்பு

வெள்ளிக்கிழமை காலை, அடுப்பில் குடிதண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு மாரி கதவைப் பிடித்துக்கொண்டு, "யத்த, பேச்சியக்கா நெஞ்சு வலின்னு சாஞ்சாவளாம். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே போயிட்டாவ" என்றாள். அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. தண்ணீர் பாதியாக வற்றும்வரை அப்படியே நின்றேன்.

நம் லேபர் கேம்பில் பேச்சியம்மாளைத் தெரியாதவர் யார்? சுகாதார வேலைக்காக நம் வீடுகளில் எல்லாம் ஏறி இறங்கியவள். அப்போது நாம் கோயில் பக்கத்து போரிங் பம்புத் தண்ணீரை என்னமாய்க் கொண்டாடினோம்! முனிசிபாலிட்டிக் குழாயில் மருந்து வாடை என்று அதைப் பாத்திரம் கழுவ விட்டோம். போரிங் தண்ணீர் ஊர்க் கிணறுபோல இனிக்கிறது என்று அதைக் குடித்தோம்.

ஒருநாள் அந்தத் தண்ணீரைச் சின்னப் புட்டியில் பிடித்து என் அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் வந்து பார்த்தால் மைபோலக் கறுத்திருந்தது. "பாத்தியளா யத்த? சாக்கடை எறங்குது. குளிங்க, தொவைங்க, வாயில மட்டும் வைக்காதீய."

"ஒன் புட்டியில என்ன கருமாந்திரத்தப் போட்டு வச்சியோ!" என்று விரட்டினேன். சிரித்துக்கொண்டே போய், குடிக்கக் கூடாது என்பதற்கு அடையாளமாகப் பம்புக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தாள்.

கோயில் கொடைத் திருவிழா வந்தது. ஆத்தா முன்னால் அந்தச் சிவப்பு அசிங்கம் என்று கமிட்டிக்காரர்கள் பெயின்டைத் துடைத்தார்கள். அந்தத் தண்ணீரிலேயே வெல்லம் போட்டுப் பானக்காரம் கரைத்து எல்லோருக்கும் ஊற்றினார்கள். யார் யார் என்று எனக்கு ஒவ்வொரு முகமும் நினைவிருக்கிறது. அவர்களும் இதைப் படிக்கட்டும். மூன்றாம் நாள் தெருவெல்லாம் பேதி. என் பேத்தி கண் செருகிக் கிடந்தாள். பேச்சிதான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பிள்ளை பிழைத்தது.

பெயின்டைத் துடைக்க மண்ணெண்ணெயும் துணியும் கொடுத்தவள் நான். இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் ஒருநாள் என் வீட்டில் டீ குடிக்கும்போது பேச்சி சொன்னாள்: "பம்படியில கெடந்தது ஒங்க பச்சைச் சேலைக் கிழிசல்னு அன்னைக்கே தெரியும் யத்த. அத விடுங்க. தண்ணிய நல்லாக் கொதிக்க விடுதியளா?"

தலையை மட்டும் ஆட்டினேன். 'தப்புதான்ட்டி பேச்சி' என்று ஒரு சொல் என் வாயில் வரவில்லை. இனி யாரிடம் சொல்ல?

நீர்மாலை எடுக்க அந்தப் பம்புக்குத்தான் போனார்கள். குளிப்பாட்ட ஆகும், அவளே சொன்னதுதான். ஆனால் அவள் வாயை நனைக்கவும் அதே குடத்தில் ஒருவர் கையை விட்டார். நான் அந்தக் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

"செத்தவளுக்கு இனிமே பேதியா வரப்போவுது கெழவி?" என்றார்.

வீட்டுக்குப் போனேன். காலையில் பாதியாக வற்றிய தண்ணீர் ஆறிக் கிடந்தது. அதைத்தான் சொம்பில் கொண்டுவந்து அவள் வாயில் விட்டேன்.

அவளுடைய பெயின்ட் டப்பாவை மகளிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். பம்பில் அவள் மறுபடி அடித்த சிவப்பும் மங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நான் அடிக்கப்போகிறேன். துடைக்க நினைப்பவன் என் வீட்டுக்கு மண்ணெண்ணெய் கேட்டு வரட்டும்.