ஸ்வெட்டருக்குள் கிளிகள்

அந்த வீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவளைப் பெரியவள் என்றும் இளையவளைச் சின்னவள் என்றும் கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். பள்ளியில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் அது பரீட்சைத் தாளின் தலையில் எழுதுவதற்கு மட்டும்தான். வீட்டில் அதைச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பன்னிரண்டு வயதுவரை பெரியவள் என்ற பெயரில் அவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அதற்குப் பிறகு உடம்பு யாரையும் கேட்காமல் நாலா பக்கமும் வளரத் தொடங்கியது. அப்பா கீழே நின்று, "பெரியவளே, கதவைத் திற" என்று குரல் கொடுத்தால், தன் சுற்றளவைக் கட்டடம் முழுக்கத் தண்டோரா போடுகிறார் என்று அவளுக்குத் தோன்றும்.

"அப்பா, இனிமே என்னை அப்படிக் கூப்பிடாதீங்க."

"வேற எப்படிக் கூப்பிடறது? மூத்தவளேன்னா?"

"அது கிழவி மாதிரி இருக்கு."

"அப்ப நீயே ஒண்ணு யோசிச்சுச் சொல்லு."

யோசித்தாள். ஒன்றும் சரிப்படவில்லை. பெரியவள் பெரியவளாகவே இருந்தாள்.

அப்பாவுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. வினை அந்த வேலையிலிருந்துதான் வந்தது. ஒருநாள் அவருக்குச் சாப்பாடு கொடுக்க ஓர் அலுவலகக் கட்டடத்துக்குப் போனாள். லிஃப்ட்டுக்குள் ஏற்கெனவே ஆட்கள் நின்றார்கள். கடைசியாக இவள் காலை வைத்தாள். "ட்ர்ர்ர்" என்று மணி அடித்தது. எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் இவள் பக்கம் திரும்பியது. இவள் வெளியே வந்தாள். மணி நின்றது. கதவு மூடிக்கொண்டது. உள்ளே யாரோ சிரித்தது மட்டும் மேலே மேலே போய்க்கொண்டே இருந்தது.

"அந்த லிஃப்ட்ல சென்சார் கோளாறும்மா. அதைச் சரி பண்ணத்தானே என்னைக் கூப்பிட்டிருக்காங்க. போன வாரம் யாருமே ஏறாம அடிச்சுது" என்றார் அப்பா. சத்தியமாக உண்மை. ஆனால் பெற்ற அப்பா சொன்னால் எந்தப் பெண் நம்புவாள்?

மறுநாளே அப்பாவின் சாம்பல் நிற ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கழுத்திலிருந்து தொடைவரை ஒரு மூட்டைபோல மூடும் ஸ்வெட்டர். போட்டது போட்டதுதான். மழையானாலும் வெயிலானாலும் ஸ்வெட்டர். தார் உருகும் வெயிலில் பள்ளிக்கூடம் போய், நனைந்த பூனையாக வீடு திரும்புவாள்.

"ஏண்டி, ஊரே மோர் கேக்குது, உனக்கு மட்டும் குளிருதா?" என்பாள் அம்மா.

"ஆமா, குளிருது" என்பாள், நெற்றியைத் துடைத்துக்கொண்டே.

அம்மா மருந்துக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்பவள். வாய்ச்சண்டையைவிட மருந்தில் நம்பிக்கை உள்ளவள். பேசாமல் வேர்க்குருப் பவுடர் டப்பாக்களாக வாங்கி வந்து அலமாரியில் அடுக்கினாள்.

ஸ்வெட்டருக்கு உள்ளே என்ன இருந்தது என்பது வீட்டுக்கு மட்டும் தெரியும். முதலில் வெறும் பழைய பனியன்தான். பிறகு, யார் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியத்தில், திரைச்சீலைக் கடையில் மிஞ்சும் வெட்டுத் துணிகளை வாங்கி, அம்மாவின் தையல் மெஷினில் தானே சட்டை தைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். மஞ்சளில் வரிக்குதிரைக் கோடு போட்டது ஒன்று. குடை குடையாக விரிந்தது ஒன்று. கடைசியில் ஒரு கிளிச் சட்டை: ஆரஞ்சு நிறத் துணியில் முழு அளவுப் பச்சைக் கிளிகள், முன்னால் ஆறேழு, முதுகில் ஒரு கூட்டம், இரண்டு தோளிலும் ஒவ்வொன்று. மெஷினிலிருந்து எடுத்து உதறிப் பார்த்தபோது அவளுக்கே மூச்சு நின்றது. போட்டுக்கொண்டாள். கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்தாள். பிறகு மேலே சாம்பல் ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டு பள்ளிக்குப் போனாள்.

"அக்கா, அத்தனை கிளியும் உள்ளேயே மூச்சு முட்டிச் செத்துடும்" என்றாள் சின்னவள். சின்னவள் உடம்பு தீக்குச்சி. எதைப் போட்டாலும் ஹேங்கரில் தொங்குவதுபோலத் தொங்கும். அதற்கு அவள் தனியாக அழுவாள். அது வேறு கதை.

பெரிய விடுமுறை வந்தது. பெரியவள் வீட்டில் இருந்தால் கண்ணாடியோடு சண்டை, கண்ணாடி இல்லாத நேரத்தில் சின்னவளோடு சண்டை. அம்மா பார்த்தாள். மருந்துக்கடைக்கு இரண்டு கடை தள்ளியிருந்த பெண்கள் ஆயத்த ஆடைக் கடையில் பேசி, அவளை விடுமுறை வேலைக்குச் சேர்த்துவிட்டாள். "உட்கார்ந்து யோசிக்க நேரமில்லாத வேலையாக் குடுங்க" என்பது ஒன்றுதான் அம்மா போட்ட நிபந்தனை.

கடை முதலாளி கையகல மனிதர். குரல் மட்டும் ஊரளவு. எந்நேரமும் துணி காயப்போடும் கிளிப்புகள் இரண்டு மூன்றைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவார். "அஃகை எஹுத்து இங்க மாட்டு" என்றால், அதை எடுத்து இங்கே மாட்டு என்று அர்த்தம். இத்தனை கிளிப் இவருக்கு எதற்கு என்று பெரியவள் யோசித்தாள். கடையில் துவைப்பதும் இல்லை, காயப்போடுவதும் இல்லை.

விடை ஷோகேஸில் இருந்தது. தெருவைப் பார்த்த அந்தக் கண்ணாடி அறையில் நாலு பொம்மைகள். அவற்றை அவளுக்குத் தெருப் பக்கத்திலிருந்து நன்றாகத் தெரியும். பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் பார்த்து வயிறெரிந்தவள். எதைப் போட்டாலும் வார்த்தெடுத்ததுபோல உட்காரும் இடுப்பு. ஒரு சுருக்கம் கிடையாது. இவளும் இரண்டொரு தடவை அதே உடுப்பை வாங்கிப் போட்டுப் பார்த்து, கட்டிலில் குப்புறப் படுத்திருக்கிறாள்.

வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் முதலாளி, "உள்ள போய் அந்த நீலக் கவுனைக் கழட்டிட்டுச் சிவப்பை மாட்டு" என்று அனுப்பினார். பெரியவள் பொம்மையின் பின்பக்கம் போனாள். அப்படியே நின்றுவிட்டாள்.

முதுகு முழுக்கக் கிளிப். கழுத்திலிருந்து இடுப்புவரை துணியைக் கொத்துக் கொத்தாகப் பிடித்து இறுக்கி, முள்ளம்பன்றிபோலக் கிளிப் குத்தியிருந்தது. கையைத் தூக்கிப் பார்த்தால் அக்குளில் குண்டூசி. மார்பில் பழைய செய்தித்தாள் அடைத்திருந்தது. அடுத்த பொம்மையைத் திருப்பினாள். அதே கதை. நாலும் அப்படித்தான். முன்னால் ராணி, பின்னால் கொடிக்கயிறு.

"பொம்மைக்கே பொருந்தலையா!" என்று சத்தமாகவே சொன்னாள். பிறகு சிரிப்பு வந்தது. பொம்மையின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அது கழன்று கையோடு வந்தது. இன்னும் சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து முதலாளி அந்தப் பக்கம் நடந்து போனார். ஷோகேஸின் சிறிய கதவு திறந்து கிடந்தால் வாடிக்கையாளர்களின் குழந்தைகள் உள்ளே புகுந்துவிடும் என்பதால், வருகிறபோதும் போகிறபோதும் தாழ்ப்பாளைத் தள்ளிவிடுவது அவர் வழக்கம். மொத்த வியாபாரி மேலிருந்த கோபத்தில் இவளை உள்ளே அனுப்பியதே அவருக்கு மறந்துபோயிருந்தது; கை தானாகவே தள்ளியது. மாடியில் இருந்த சரக்கறைக்கு ஏறிப் போய், மொத்த வியாபாரியைப் போனில் பிடித்து உலுக்கத் தொடங்கினார்.

பெரியவள் கதவைத் தட்டினாள். கூப்பிட்டாள். மாடியிலிருந்து, "நீங்க அனுப்பின சரக்கா அது, சாக்கு!" என்ற குரல்தான் கேட்டது. நடுப்பகல். கண்ணாடி வழியாக வெயில் நேரே இறங்கியது. தலைக்கு மேலே விளக்குகள். ஸ்வெட்டருக்குள் அவள் வெந்தாள். முதுகில் ஆறு ஓடியது. கண் இருட்டுவதுபோல வந்ததும், மானமா உயிரா என்று ஒரு கணம் யோசித்து, ஸ்வெட்டரை உருவி எறிந்தாள்.

கிளிகள் வெளியே வந்தன.

தெருவில் ஆள் வரும் சத்தம். ஒளிய இடமில்லை. பெரியவள் ஒரு கையை இடுப்பில் வைத்து, மறு கையைக் காற்றில் நீட்டி, பக்கத்துப் பொம்மை எங்கே பார்க்கிறதோ அங்கே பார்த்தபடி விறைத்து நின்றாள்.

ஒருவர் வந்தார்; இவளைப் பார்க்காமல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, பல்லிடுக்கில் எதையோ நோண்டிவிட்டுப் போனார். மூக்குக்கு நேராக நடந்த அந்தக் காரியத்தை அவள் இமைக்காமல் தாங்கினாள். அடுத்து ஓர் அம்மாவும் பெண்ணும் வந்து நின்றார்கள். பெண்ணுக்கு இவள் வயதுதான் இருக்கும். உடம்பும் இவள் உடம்புதான். கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்ததால் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"அம்மா, ஓரத்துல நிக்கிற பொம்மையைப் பாரும்மா. என்னை மாதிரியே இருக்கு."

"அட, பொம்மைக்கு வயிறு! இந்தக் காலத்துல பொம்மைகூடக் கண்டதைத் தின்னுது போல."

"எனக்கு அந்தச் சட்டைதான் வேணும்."

"கிளியாடி? அதைப் போட்டா நீ நடந்து போற தோப்பு மாதிரி இருப்பே."

"இருந்துட்டுப் போறேன்."

அந்த அம்மா கடைக்குள் தலையை நீட்டிக் கூப்பிட்டாள். முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தார். "கிளிச் சட்டையா? நம்மகிட்ட அப்படி எதுவும் இல்லையேம்மா. அந்த மாதிரிப் பொம்மையும் இல்லை. நம்ம பொம்மை எல்லாம் கொடி மாதிரி" என்று சொல்லிக்கொண்டே தெருவுக்கு வந்து பார்த்தார். வாயிலிருந்த கிளிப்புகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. ஆனால் வியாபாரி வியாபாரிதான்.

"ஆ... இதுவா! இது புதுசா இறங்கினது."

"பொம்மைக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

"பெயிண்ட்டும்மா. இன்னும் காயலை."

அந்த அம்மா கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தாள். "எல்லாம் சரி. அந்த வயித்தை மட்டும் கொஞ்சம் செதுக்கிவிடக் கூடாதா? பாக்கவே ஒரு மாதிரி..."

பெரியவளால் அதுவரை பொறுக்க முடிந்தது. அதற்கு மேல் முடியவில்லை.

"வயிறு இல்லேன்னா சாப்பிடறதெல்லாம் எங்க போகும், ஆன்ட்டி?" என்றது பொம்மை.

அந்த அம்மா போட்ட அலறலில் மருந்துக்கடையிலிருந்து பெரியவளின் அம்மாவே வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். அலறியவள் பக்கத்தில் கிடைத்த ஆதாரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள், அது முதலாளி. அவர் கால்கள் தரையில் இருந்தனவா என்று சொல்வது கடினம். அந்தப் பெண் மட்டும் நடைபாதையிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

தாழ்ப்பாளைத் திறந்து பெரியவளை வெளியே விட்டார்கள். அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. அதற்குள் அந்தப் பெண் நேராக வந்து, "இந்தச் சட்டை எங்க வாங்கினே?" என்றாள்.

"வாங்கலை. நானே தச்சேன். திரைச்சீலைத் துணி."

"திரைச்சீலையா? எனக்கும் ஒண்ணு தச்சுத் தருவியா?"

இப்படி ஒரு கேள்வியை அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. "இங்க வா, உனக்கு ஒண்ணு காட்டறேன்" என்று அவள் கையைப் பிடித்து ஷோகேஸுக்குள் இழுத்துப்போய்ப் பொம்மையைத் திருப்பிக் காட்டினாள். உள்ளே மறுபடியும் சிரிப்பு. என்ன வேடிக்கை என்று பார்க்க அந்த அம்மாவும் குனிந்து நுழைந்தாள். கிளிப்புகளைப் பார்த்தாள். நீலக் கவுனைத் தொட்டுப் பார்த்தாள். முகம் சிவந்தது.

"யோவ்!" என்று வெளியே திரும்பினாள். "போன மாசம் இதே கவுனை வாங்கிட்டுப் போனேன். பொம்மைக்கு அப்படி உட்கார்ந்துச்சு, எனக்கு உட்காரலை. என் உடம்புலதான் கோளாறுன்னு அன்னைலேருந்து ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுட்டேன்யா! என் பசிக்கு நீ பதில் சொல்லு!"

முதலாளிக்கு மாடியில் அவசர வேலை ஞாபகம் வந்தது.

இத்தோடு பெரியவள் ஸ்வெட்டரை எரித்துவிட்டாள் என்று சொல்ல ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மறுநாள் அதையே போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். பத்து மணிக்கு அந்தப் பெண் ஒரு பை நிறையத் திரைச்சீலைத் துணியோடு வந்து நின்றாள். பூசணிக்காய் பூசணிக்காயாக அச்சடித்த துணி. "என்னை ஸ்கூல்ல இப்படித்தான் கூப்பிடறாங்க. இருக்கட்டும், நானே போட்டுக்கறேன்" என்றாள். அன்று மாலை இருவரும் அம்மாவின் மெஷினில் உட்கார்ந்தார்கள். வெட்டும்போதும் தைக்கும்போதும் ஸ்வெட்டரின் கை குறுக்கே வந்துகொண்டே இருந்தது. கழற்றி நாற்காலியில் போட்டாள். அடுத்த நாள் போடுவதற்கு மறந்துவிட்டாள். அதற்கடுத்த நாள் ஞாபகம் வந்தது. ஆனால் வெயில் கொளுத்தியது.

கடையிலும் ஒரு மாற்றம் வந்தது. "என் சைஸ் பொம்மை எங்கே?" என்று இரண்டு மூன்று பேர் வந்து கேட்டுவிட்டதால், முதலாளி ஒரு பொம்மையின் இடுப்பில் செய்தித்தாளைச் சுற்றிச் சுற்றிக் கட்டிப் பார்த்தார். முதல் வாடிக்கையாளரே, "இதுக்கு இது எத்தனையாவது மாசம்?" என்று கேட்டார். கடைசியில் முதலாளி பெரியவளிடமே வந்தார்.

"கொஞ்ச நேரம் உள்ள நின்னுட்டு வாயேன்மா. வியாபாரம் நல்லாப் போகுது."

"முடியாது சார். பொம்மைக்கு உட்கார முடியாது, பேச முடியாது, பசிக்காது. எனக்கு மூணும் வேணும்."

பள்ளி திறந்தது. சீருடை மட்டும் போட்டுக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும் என்ற நினைப்போடு பெரியவள் நடந்தாள். தெரு தன் வேலையைப் பார்த்தது. வகுப்பில் நுழைந்தாள். பக்கத்து இருக்கைக்காரி, "ஸ்கேல் இருக்கா?" என்றாள். அவ்வளவுதான். மத்தியானம்வரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மத்தியானம் கணக்கு வாத்தியார்தான் கண்ணாடியை இறக்கிவிட்டு உற்றுப் பார்த்தார்.

"நீ புதுசாச் சேர்ந்த பொண்ணாம்மா?"

பள்ளிப் பெயரைச் சொன்னாள்.

"அந்தப் பேர்ல வேற ஒரு பொண்ணுல்ல இருந்துது? பாவம், தீராத குளிர்க்காய்ச்சலோட வரும். அவளுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"தேறிட்டா சார்" என்றாள் பெரியவள்.

சாயங்காலம் வாசலிலேயே அம்மா காத்துக்கொண்டிருந்தாள். "யாராச்சும் ஏதாவது சொன்னாங்களா?"

"கூடப் படிக்கிறவங்க ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை."

"நல்லதுதானேடி?"

"என்ன நல்லது? இத்தனை வருஷம் கெடந்து வேர்த்திருக்கேன், ஒருத்தர்கூடவா கவனிக்கலை?" என்று சண்டைக்கு வந்தாள். புத்தகப் பையைத் தொப்பென்று போட்டாள். கோபத்தில் பசி இன்னும் கூடியது. தட்டை எடுத்துக்கொண்டு சப்பணம் போட்டு உட்கார்ந்து, "அம்மா, நல்லாவே போடு" என்றாள்.