போன வருஷ ஜோனே

ஃபுட்பால் டீமுக்கு மருந்துப் பை தூக்குறவன் பொழப்பு இருக்கே, டீம் ஜெயிச்சா சாக்ஸ் பொறுக்கணும், தோத்தா திட்டு வாங்கணும். தண்ணி பக்கெட்டோட கோட்டுக்கு வெளிய நின்னு வெயில்ல காஞ்ச சொந்தங்களே, உங்களுக்கு நான் சொல்லவே வேணாம். நாங்க இந்தியில பேசிக்கிட்டத இங்க தமிழ்ல எழுதுறேன். தப்பிருந்தா நீங்களே திருத்திக்குங்க.

பை கைமாறின கதை

எங்க தீவுல, நாடிங்கிற ஊர்ல, எங்க டீமுக்கு நெஜமாவே படிச்ச ஃபிசியோ ஒருத்தர் இருந்தாரு, ராஜன் அண்ணன். ராணுவக்காரங்க சர்க்காரப் புடிச்ச வருஷம் டாக்டரு, டீச்சரு எல்லாரும் பொட்டி கட்டினாங்க. அண்ணனும் பிரிஸ்பேனுக்குக் கட்டினாரு. நான் கரும்பு லாரி ஓட்டுறவன். டீம்ல என் வேலை, ஒவ்வொருத்தன் ஓடுற மாதிரியே ஓடிக் காட்டி சிரிக்க வைக்கிறது, அவ்ளோதான்.

கெளம்புற அன்னிக்கு பிராக்டிஸ்ல பைய என் தோள்ல மாட்டினாரு. "அண்ணே, எனக்கு என்னண்ணே தெரியும்?"னு கேட்டேன். "விசாவுக்கு எழுதிப் போடாதவன் நீ ஒருத்தன்தான்டா. வீங்கினா ஐஸ் வை, வீங்கலன்னா வாய மூடிக்க"ன்னாரு.

தவுவாவில மீன் வைத்தியம்

ஜோனே எங்க ஃபார்வர்டு. சபேட்டோ கிராமத்துப் பூர்வீகத் தீவுக்காரன், ஏர்போர்ட்ல பொட்டி ஏத்துற வேலை. என்ன 'தவாலே'ன்னுதான் கூப்பிடுவான், அவங்க பேச்சுல மச்சான்னு அர்த்தம். தவுவா ஊருக்குப் போய் ஆடின மேட்ச்ல துள்ளி எறங்குறப்போ வலது முட்டி மடங்கி விழுந்துட்டான். தேங்கா மாதிரி வீங்குது. ஐஸ் டப்பாவத் தொறந்தா, எவனோ பீர்ல போட மொத்தத்தையும் எடுத்துட்டான்!

பக்கத்துக் கடைக்கு ஓடி, உறைஞ்ச மீன் ரெண்டு வாங்கி, துண்டுல சுத்திக் கட்டினேன். பஸ்ல நாடி வர்றதுக்குள்ள மீனு உருகிருச்சு. அவன் பக்கத்துல ஒருத்தனும் உக்காரல, என்னத் தவிர. கண்ணுல தண்ணியோட சொல்றான்: "தவாலே, மீனுக்கு வலி கொறைஞ்சிருச்சு. எனக்கு எப்போ?"

யாரும் சிரிக்காத நடிப்பு

ரெண்டு மாசம் கழிச்சு சரியாயிருச்சுன்னு வந்து நின்னான். பாதி டீம் சிட்னி, வான்கூவர்னு போயாச்சு, டீம் மேனேஜரும் சந்தோஷமா ஆட எறக்கிட்டாரு. பிராக்டிஸ் முடிஞ்சதும் பசங்க "ஜோனே மாதிரி ஓடு, ஜோனே மாதிரி ஓடு"ன்னாங்க. நெஞ்ச முன்னால தள்ளி, கோழி தொரத்துற மாதிரி கைய வீசி ஓடினேன். ஒரே சிரிப்பு. அப்புறம் வாய் சும்மா இருக்குமா, "இது இன்னிக்கி ஓடினது"ன்னு அதையும் ஓடினேன். வலது கால் தரையில பட்டும் படாம போகுது. இருபது அடியில எனக்கே இடுப்பு வலிக்குது. சிரிப்பு நின்னு போச்சு.

ஜோனே வந்து தோள்ல கை போட்டான். "இத மேனேஜர் முன்னாடி நடிக்காத தவாலே. அவரு காதுக்குப் போனா ஊருக்கே தெரிஞ்சிரும். டூரிஸ்ட் வரலன்னு ஏர்போர்ட்ல ஆள் கொறைக்கிறாங்க, நொண்டின்னு தெரிஞ்சா மொத பேரு என்னுதுதான்."

என் முட்டிய அளந்தாங்க

ரெண்டு வாரம் வாய மூடிக்கிட்டேன். எனக்கு அது எவ்ளோ கஷ்டம்னு என் வீட்டுக்காரியக் கேளுங்க. அப்போதான் தலைநகரம் சுவாலேர்ந்து லலிதா மிஸ் வந்தாங்க. அவங்களும் ஃபிசியோ. முட்டி அடிபட்டவங்க ஒத்தக்கால்ல நின்னு பழகினா மறுபடி அடிபடாம இருக்குமான்னு ஆராய்ச்சி. ஜோனேகிட்ட, "முன்னாடி நீ ஓடினத யாராவது படம் புடிச்சிருக்காங்களா?"ன்னு கேட்டாங்க. எங்ககிட்ட டீம் போட்டோவே கெடையாது. பசங்க என்னத் தள்ளிவிட்டு, "படம் இதோ நிக்குது மிஸ்!"னு கத்துறானுங்க.

நான் ஜோனேயப் பாத்தேன். அவன் தரையப் பாத்தான். அப்புறம், "ஓடு"ன்னான்.

ரெண்டையும் ஓடினேன். பெஞ்சு மேலேர்ந்து எறங்கியும் காட்டினேன். மிஸ் ரெண்டு கை வச்ச பிளாஸ்டிக் அளவுகோல என் முட்டியில வச்சு, நோட்டுல 'போன வருஷ ஜோனே', 'இந்த வருஷ ஜோனே'ன்னு எழுதிக்கிட்டாங்க. மேனேஜர்கிட்ட நொண்டின்னு சொல்லல. ஆராய்ச்சிக்கு ஆள் வேணும்னு மூணு மாசத்துக்கு வாங்கிக்கிட்டாங்க. அவன்கிட்ட மட்டும் சொன்னாங்க: "இவரு போன வருஷ ஜோனே மாதிரி ஓடுறாரு இல்ல? அதே மாதிரி நீ ஓடுற வரைக்கும் மேட்ச்ல கால் வைக்காத."

மிஸ்ஸோட பொட்டி

சைக்கிள் டியூபக் கோல்போஸ்ட்ல கட்டி இழுத்தான். ஒத்தக்கால்ல நின்னு நான் போட்ட பந்தப் புடிச்சான். ஏர்போர்ட்ல ரெண்டு பிளேனுக்கு நடுவுலயும் அதே தவம். அவன் பொஞ்சாதி மேரே, "வீட்டுல கொக்கு வளக்குறேன் அண்ணே"ன்னுச்சு. மூணு மாசம் முடிஞ்சு பக்கத்துல பக்கத்துல ஓடினோம். மிஸ் அவன் முட்டிய அளந்தாங்க, என்னுதையும் அளந்தாங்க, நோட்டுல 'இந்த வருஷ ஜோனே'ய கோடு போட்டு அடிச்சாங்க. நான் மூச்சு வாங்குற சாக்குல மூஞ்சியத் தொடச்சுக்கிட்டேன்.

அடுத்த மாசம் மிஸ்ஸுக்கு ஆக்லாந்து விசா வந்துருச்சு. ஏர்போர்ட் வாசல்ல அவங்க பெரிய பொட்டிய, வேற யாரையும் தொட விடாம, ஜோனே குனிஞ்சு தோள்ல ஏத்தி எழுந்தான். நாங்க எல்லாம் அழுதுக்கிட்டு நிக்கிறோம். மிஸ்ஸும் அழறாங்க, ஆனா கண்ணு மட்டும் அவன் முட்டிய விட்டு நகரல. "முட்டிய உள்ள மடக்காத ஜோனே, நேரா, நேரா... ஆங், அப்படித்தான்!"

இப்போ எங்க டீம்ல ஃபிசியோவும் இல்ல, நோட்டும் இல்ல, பதினோரு பேரோட ஓட்டமும் என் ரெண்டு கால்லதான் இருக்கு, அதனால தயவு பண்ணி எனக்கு மட்டும் யாரும் விசா குடுத்துராதீங்க.